நச்சியலில் மரபணுச் செயல் மாற்றம்: புனே வெள்ளி ஆய்வுகளின் வெளிச்சத்தில்

ஒரு வேதிப்பொருள் உடலுக்குள்ளோ ஆய்வகத் தட்டில் வளரும் செல்களுக்குள்ளோ புகும்போது சில மரபணுக்கள் முன்னைவிடக் கூடுதலாக இயங்கத் தொடங்கும், சில அடங்கிப்போகும். இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து பொருளின் நச்சுத்தன்மையை மதிப்பிட முயலும் துறை நச்சு மரபணுத்தொகையியல். ஒரே கண்ணாடித் தகட்டில் பல மரபணுக்களின் செயலை ஒருசேர அளக்கும் நுண்வரிசை முறை 1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே இத்துறை பெயர் பெற்றுவிட்டது. அளப்பது எளிதாகிவிட்டாலும் அளந்ததற்கு என்ன பொருள் என்பதில் இன்றும் தெளிவில்லை. மரபணுச் செயல் மாறியது என்றால் செல் அந்தப் பொருளை உணர்ந்துகொண்டது என்று அறியலாம். கேடு விளைந்தது என்று அதைக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது. எவ்வளவு கொடுக்கப்பட்டது, எத்தனை நேரம், எந்தச் செல்லுக்கு, அந்தச் செல் பிழைத்ததா என்ற நான்கு விவரமும் கூடவே இருந்தால்தான் அந்த மாற்றம் நச்சுக்குச் சான்றாகும். இதைப் புரிந்துகொள்ள, புனேயின் ஆகார்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 2008இலும் 2009இலும் வெளியான இரண்டு ஆய்வுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

செல் எப்படி உணர்கிறது

டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒரு வேதிப்பொருளால் செல்லின் போக்கை மாற்ற முடியும். மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. படிகள் கூடினால் அதற்குரிய புரதம் பெரும்பாலும் கூடும்; குறைந்தால் குறையும். டையாக்சின் செல்லுக்குள் நுழைந்ததும் ஆரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பின்பு அந்த இணை உட்கருவுக்குள் போய் சி.ஒய்.பி.1ஏ1 முதலான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. காட்மியம் வந்தால், உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மெட்டலோதயோனின் புரதத்துக்குரிய மரபணுக்கள் எழுகின்றன. என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தைச் சாதாரண வேளையில் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகும்போது அந்தப் பிடி தளர்கிறது, தப்பிய என்.ஆர்.எஃப்.2, செல்லை அந்த அழுத்தத்திலிருந்து காக்கும் குளுட்டதயோனைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. டி.என்.ஏ. முறிந்தால் பி53 என்ற புரதம் செல் பிரிவை நிறுத்தி, பழுது பார்க்கவோ செல்லை மடியவிடவோ வழி செய்கிறது.

இவை அனைத்தும் செல்லின் தற்காப்பு ஏற்பாடுகள். ஆகவே இவை இயங்குவதைக் கண்டவுடன் நஞ்சு என்று தீர்ப்பெழுத முடியாது. முட்டைக்கோசிலும் காலிஃபிளவரிலும் இருக்கும் சேர்மங்கள் செரிமானத்தின்போது மாறி, டையாக்சின் தொடும் அதே ஏற்பியைத் தூண்டுகின்றன. புரோக்கோலியில் உள்ள சல்ஃபோராஃபேன் என்.ஆர்.எஃப்.2ஐத் தூண்டுகிறது. மரபணுப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் முட்டைக்கோஸ் பொரியலும் டையாக்சினும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இரண்டையும் பிரிப்பது காலமும் அளவும்தான். காய்கறியின் சேர்மங்கள் சில மணி நேரத்தில் சிதைந்து வெளியேறிவிடுகின்றன. டையாக்சின்களில் மிகக் கொடியதான டி.சி.டி.டி. மனித உடலில் பாதியாகக் குறையவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அத்தனை காலமும் அது அந்த ஏற்பியை விடாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

புனேயின் இரண்டு ஆய்வுகள்

ஆகார்கர் நிறுவனம் 1946இல் மகாராஷ்டிர அறிவியல் வளர்ச்சிச் சங்கமாகத் தொடங்கியது; நிறுவனரான தாவரவியலாளர் சங்கர் புருஷோத்தம் ஆகார்கரின் பெயரை 1992இல் ஏற்றது. அங்கே கிஷோர் பாக்னிகர் குழுவினர், தீக்காயத்துக்கும் புண்ணுக்கும் மேலே பூசக்கூடிய களிம்பில் சேர்ப்பதற்காக, 7 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களை ஆராய்ந்தனர். கிருமியைக் கொல்லும் வெள்ளி தோலின் செல்லையும் கொல்லுமா என்பது அவர்கள் முன் இருந்த கேள்வி. 2008இல் வெளியான ஆய்வில் எச்டி-1080, ஏ431 என்ற இரண்டு மனிதப் புற்றுச்செல் வகைகளில் துகள்களைச் சோதித்தனர். செல்களின் உயிர்ச்செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு மில்லிலிட்டருக்கு முறையே 10.6, 11.6 மைக்ரோகிராம் எனக் கண்டனர். அதில் ஏறக்குறைய பாதி அளவைக் கொடுத்தபோதே குளுட்டதயோன் எச்டி-1080 செல்களில் சுமார் 2.5 மடங்கும் ஏ431 செல்களில் சுமார் 2 மடங்கும் குறைந்தது. கொழுப்புகளின் ஆக்சிஜனேற்றம் கூடியது.

2009இல் அதே துகள்களை ஸ்விஸ் அல்பினோ சுண்டெலிகளிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த நார்ச்செல்களிலும் கல்லீரல் செல்களிலும் சோதித்தனர். இப்போது பாதியாகக் குறைக்கும் செறிவு நார்ச்செல்களுக்கு 61 மைக்ரோகிராம், கல்லீரல் செல்களுக்கு 449 மைக்ரோகிராம். அதாவது புற்றுச்செல் தாங்கியதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஒன்று தாங்கியது. ஏறக்குறைய நாற்பது மடங்கு மற்றொன்று. அளவைவிட முக்கியமானது மாற்றத்தின் திசை. பாதிச் செறிவைக் கொடுத்தபோது இந்தச் செல்களில் குளுட்டதயோன் குறையவில்லை. நார்ச்செல்களில் சுமார் 1.2 மடங்கு கூடியது. கொழுப்பின் ஆக்சிஜனேற்றமும் தணிந்தது. ஒரே நிறுவனம், ஒரே வெள்ளி, ஒரே அளவுத் துகள். ஒரு செல் தன் காப்புப் பொருளை இழந்தது, இன்னொன்று பெருக்கிக்கொண்டது. ‘குளுட்டதயோன் மாறியது’ என்ற ஒற்றை வரியில் இந்த இரண்டு கதைகளும் அடங்கிவிடும். உயிர்பிழைப்பு அளவீடு அருகில் இருந்ததால்தான் எது தோல்வி, எது தாக்குப்பிடித்தல் என்று பிரிக்க முடிந்தது. ஒன்று மனிதப் புற்றுச்செல், மற்றொன்று எலியின் இயல்பான செல் என்பதால், இந்த வேறுபாட்டில் எவ்வளவு புற்றினால் வந்தது, எவ்வளவு உயிரின வேறுபாட்டால் வந்தது என்று இந்த எண்களைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வுகள் ஆர்.என்.ஏ.வை அளக்கவில்லையே, நொதிகளையும் குளுட்டதயோனையும்தானே அளந்தன என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது இவற்றின் குறையாகிவிடாது. மரபணுவின் படி கூடியதால் புரதமும் கூடியே தீரும் என்ற உறுதி இல்லை. புரதம் கூடினாலும் நச்சு அதைவிட விரைவாகக் காப்புப் பொருளைத் தின்றுதீர்க்கலாம். குளுட்டதயோன் தயாரிக்கும் மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே குளுட்டதயோன் இருப்பு கரைந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு. மரபணுச் செயல் என்பது செல் எடுத்த முடிவு. அந்த முடிவு பலித்ததா என்பதைக் கடைநிலையில் அளந்தால்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் முன்பே

அப்படியானால் செல் செத்ததா இல்லையா என்று பார்த்தால் போதாதா, மூலக்கூறுகளை ஏன் அளக்க வேண்டும் என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து எழும் கேள்வி. அதற்கும் 2009 ஆய்விலேயே விடை இருக்கிறது. சுண்டெலியின் நார்ச்செல்கள் 25 மைக்ரோகிராம் வரை நுண்ணோக்கியில் வடிவம் மாறாமல் தோன்றின. ஆனால் செல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் பாதையின் அடையாளமான காஸ்பேஸ்-3 செயல்பாடு 3.12 மைக்ரோகிராமிலேயே தொடங்கிவிட்டது. கண்ணுக்கு நலமாகத் தெரிந்த செல்லுக்குள் எட்டில் ஒரு பங்கு அளவிலேயே நடவடிக்கை ஆரம்பமாகியிருந்தது. களிம்பில் எவ்வளவு வெள்ளி சேர்க்கலாம் என்று முடிவு செய்பவருக்கு நுண்ணோக்கிப் படத்தைவிட இந்த எண்தான் பயன்படும்.

அமெரிக்காவில் ரஸ்ஸல் தாமஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிந்த அளவில் காட்டியது. 6 வேதிப்பொருள்களை எலிகளுக்கு 5 நாள் முதல் 13 வாரம் வரை வெவ்வேறு கால அளவுகளில் கொடுத்து, மரபணுச் செயல் மாறத் தொடங்கும் அளவையும் திசுக்கேடோ புற்றோ தோன்றும் அளவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கியே இருந்தன. சில நாள் சோதனையின் மரபணு அளவீடு நெடுநாள் சோதனையின் முடிவை ஓரளவு முன்கூட்டிச் சொன்னது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எந்த உறுப்பில் என்ன கேடு வரும் என்று மரபணு அளவீடு தெளிவாகச் சொல்லவில்லை. எந்த அளவுக்குக் கீழே செல்லுக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதைத்தான் சொல்லியது. கேட்டுக்குப் பெயர் வைப்பதைவிடப் பாதுகாப்பான எல்லையைக் குறிப்பதற்கே இக்கருவி பொருத்தமானது.

எண்களும் செல்களும் ஏமாற்றும் இடங்கள்

இக்கருவியைப் பிழையாகக் கையாள்வதும் எளிது. மனிதனுக்குப் புரதம் தரும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. ஒவ்வொன்றையும் தனித்தனியே, நூற்றுக்கு ஐந்து பிழையை ஏற்றுக்கொண்டு சோதித்தால், எதையும் மாற்றாத வெறுந்தண்ணீரைக் கொடுத்தால்கூட 1,000 மரபணுக்கள் மாறியதாகத் தோன்றும். இதற்காகவே 1995இல் பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் வகுத்த பிழைத்திருத்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் திருத்தமோ மறுசோதனையோ இல்லாத ஆய்வறிக்கையில் எத்தனை நூறு மரபணுக்கள் வரிசையாக நின்றாலும் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

செல்லைத் தேர்ந்தெடுப்பது அதைவிடப் பெரிய சிக்கல். புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் செல் களஞ்சியம் இந்தியா முழுவதும் உள்ள ஆய்வகங்களுக்குச் செல் வகைகளை வழங்குகிறது. ஒரே மூலத்திலிருந்து செல்கள் வருவதால் சென்னையில் கிடைத்த முடிவையும் லக்னோவில் கிடைத்ததையும் ஒப்பிட வாய்ப்பு ஏற்படுகிறது. ஆனால் மூலம் நம்பகமானது என்பதால் எந்தச் செல்லும் எந்தக் கேள்விக்கும் பொருந்திவிடாது. கல்லீரல் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஹெப்ஜி2 புற்றுச்செல்லில், வேதிப்பொருள்களை உருமாற்றும் சி.ஒய்.பி. நொதிகள் மிகக் குறைவு. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உருவாகும் அஃப்ளாடாக்சின் பி1 கல்லீரலின் நொதிகளால் உருமாறிய பின்புதான் கொடிய நஞ்சாகிறது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் பரவிய கல்லீரல் நோயில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். அந்த நஞ்சை உருமாற்றத் தெரியாத செல்லில் சோதித்துவிட்டு, மரபணுக்கள் பெரிதாக அசையவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று எழுதினால் அது தவறான சான்றிதழாகிவிடும். செல் அசையவில்லை என்பதற்கு மதிப்பு உண்டு. அசையும் திறன் உள்ள செல்லாக இருந்தால் மட்டும்.

முழு விலங்கில் சோதித்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் போன்ற மருந்துகள் எலிகளின் கல்லீரலில் பிபார்-ஆல்ஃபா என்ற ஏற்பியை இயக்கி, செல் பெருக்கத்துக்குரிய மரபணுக்களைத் தூண்டி, கட்டிகளை உண்டாக்குகின்றன. மனிதக் கல்லீரலிலும் அந்த ஏற்பி உண்டு; கொழுப்பை எரிக்கும் மரபணுக்களும் ஓரளவு இயங்குகின்றன. ஆனால் எலிகளில் நிகழும் அந்தப் பெருக்கம் மனிதரில் நிகழ்வதில்லை. ஏற்பி பொதுவானதாக இருந்தாலும் விளைவும் பொதுவாக இருக்க வேண்டியதில்லை.

முன்னெச்சரிக்கை என்ற வாதம்

இவ்வளவு நிபந்தனை விதித்தால் மக்களைக் காக்க வேண்டிய நேரத்தில் காலம் கடந்துவிடாதா, மரபணு அசைந்தாலே தடை செய்வதுதானே பாதுகாப்பு என்பது கனமான எதிர்வாதம். தொழிற்சாலைக் கழிவுக்கு அருகில் வாழ்பவர் சார்பில் இது எழும்போது தள்ளிவிட முடியாது. ஆனாலும் எல்லா அசைவையும் அபாயமாகக் கொள்ளும் பட்டியலில் முட்டைக்கோசும் இடம்பெறும். நீண்ட பட்டியலுக்குள் மெய்யான நஞ்சு ஒளிந்துகொள்ளும். மேலும் அவசரத்தில் பெற்ற சான்று பின்னர் உடைந்தால், அதை முன்வைத்துப் போராடியவர்களின் வாதமும் சேர்ந்து உடையும். பூஞ்சைக்கொல்லியான வின்குளோசோலின் கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்தப்பட்டால் அடுத்தடுத்த தலைமுறை ஆண் எலிகளிலும் விந்துக் குறை தொடர்கிறது என்று 2005இல் மைக்கேல் ஸ்கின்னர் குழுவினர் அறிவித்தது உலகை உலுக்கியது. டி.என்.ஏ.வின் மேல் ஏறும் மெத்தில் குறிகளின் வழியாக இது கடத்தப்படுகிறது என்றனர். பிறகு வேறு ஆய்வகங்கள் செய்த சோதனைகளில் அந்தத் தலைமுறை விளைவு கிட்டவில்லை. கருத்து பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் சட்டம் இயற்றும் அளவுக்கு அது உறுதிப்படவில்லை. முன்னெச்சரிக்கை வேண்டுவோருக்கு மரபணுச் செயல் தரக்கூடிய சரியான உதவி, செல் உணரத் தொடங்கும் அளவை எல்லையாக எடுத்து, அதற்கும் கீழே ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு வரம்பு வகுப்பது.

இந்தக் கேள்வி இந்தியாவில் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், மருந்துகளின் நச்சுச் சோதனையில் விலங்குகளுக்கு மாற்றாக மனிதச் செல்களை அடிப்படையாகக் கொண்ட முறைகளையும் ஏற்றுக்கொள்கிறது. விலங்குகளின் உயிரை மிச்சப்படுத்துவதோடு, எலிக்கும் மனிதனுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கவும் இது வழி திறக்கிறது. ஆனால் முழு உடலை விட்டுச் செல்லுக்கு வரும்போது கல்லீரலின் உருமாற்றம், ரத்தத்தில் பொருள் தங்கும் காலம், உறுப்புகள் ஒன்றுக்கொன்று தரும் உதவி ஆகியவற்றையும் விட்டுவிட்டு வருகிறோம். அவற்றை ஈடுசெய்யாத அறிக்கைகள் வேகமாகக் குவியும் வாய்ப்பு இப்போது கூடியிருக்கிறது. ஆகவே ஒழுங்குமுறை அமைப்புகள் மரபணுச் செயல் அறிக்கையை ஏற்கும் முன், பல செறிவுகளில் சோதித்ததா, ஒன்றுக்கு மேற்பட்ட நேரத்தில் அளந்ததா, அந்தப் பொருளை உருமாற்றத் தெரிந்த செல்லா, உயிர்பிழைப்பு அளவீடு கூடவே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். புனே ஆய்வுகள் 24 மணி நேரம் என்ற ஒரே கால அளவில் நின்றன; ஆயினும் மற்ற மூன்றில் பெரும்பகுதியை நிறைவேற்றின. உடலில் வைத்துச் சோதித்த பிறகே பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்றும் தாங்களே எழுதிவைத்தன. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத ஆய்வகமும் எட்டக்கூடிய தரம் இது. கருவிகள் நிறைந்த ஆய்வகத்துக்கு இதற்குக் குறைவான தரத்தில் நிற்க நியாயம் இல்லை.