வாடகை வீட்டின் நிலம்

திருகோணமலையில் வீடு தேடி அலைந்தோர் அறிந்த காட்சி ஒன்றுண்டு. வீட்டுக்காரர் கதவைத் திறந்து கூரையைக் காட்டுவார், கிணற்றைக் காட்டுவார். குடிவர எண்ணுபவரோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் நிலத்தை அழுத்திப் பார்ப்பார். நம் பேச்சில் நிலம் என்பது வயலை மட்டும் குறிப்பதன்று. வீட்டின் தரையும் நிலமே. நேயர்களே, அந்த நிலத்தின் வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

பழைய குடில்களில் புற்றுமண்ணை இடித்துப் பரப்பிச் சாணத்தால் மெழுகினர். கோடையிலும் அது குளிர்ந்திருக்கும். பணச் செலவு இல்லை. அதனைப் புகழ்வோர் பெரும்பாலும் ஆடவரே. குனிந்து நின்று மெழுகியவர்கள் பெண்கள். அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

துறைமுகமோ அடிக்கடி ஆள் மாறியது. 1620-களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782-ஆம் ஆண்டில் மட்டும் கோட்டை முதலில் ஆங்கிலேயரிடமும், பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் சென்றது. 1795-இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தனர். சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் பாவிய தளமும் இக்கரையோரத்தில் ஐரோப்பியர் கட்டடங்களோடு பெருகின. கடலில் எடுத்த பவளக்கல்லைச் சுட்டே சுண்ணாம்பு செய்தனர்.

அதன்பின் வந்தது சீமெந்து. 1824-இல் இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்தின் என்பார் போட்லன்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். இலங்கையில் காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950-இல் உற்பத்தி தொடங்கி 1990-இல் ஓய்ந்தது. திருகோணமலையிலேயே ஆலை வைத்துள்ள டோக்கியோ சீமெந்து நிறுவனம் 1982-இல் தோன்றியது. இரும்பு ஒட்சைட்டுத் தூளைச் சீமெந்தில் கலந்து கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் சிவப்பு நிலம் கிடைக்கும். மெழுகு பூசித் தேங்காய்மட்டையால் உரசினால் முகம் பார்க்கலாம்.

ஆயினும் கடலோரத்தில் இந்த அழகுக்கு ஒரு பகை உண்டு, அது உப்பு. கழுவாத கடல் மணலைச் சேர்த்துப் பூசிய தரையில் ஈரம் உப்பைக் கரைத்து மேலே கொணரும். ஈரம் உலர்ந்ததும் சிவப்பின்மேல் வெள்ளை பூக்கும். எத்தனை முறை துடைத்தாலும் அடுத்த மாரியில் மறுபடியும் பூக்கும். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மாவட்டத்தில் ஆற்றுமணல் கிடைக்காமலில்லை. கடல் மணல் வாசலிலேயே கிடப்பதுதான் சிக்கல். வாடகைக்கு விடும் வீடு என்றால் அந்த வாசல் மணலே போதும் என்று எண்ணத் தோன்றும்.

இங்கேதான் சட்டம் நுழைகிறது. 1942 ஏப்பிரல் 9-இல் சப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதே ஆண்டில் இலங்கையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1948-இலும் 1972-இலும் புதிய சட்டங்கள் தொடர்ந்தன. ஏழைக் குடியிருப்பாளருக்கு அவை அரண் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாடகை ஏறாத வீட்டின் நிலத்தில் உரிமையாளர் ஏன் பணத்தைக் கொட்டுவார்? குடியிருப்பவரும் தம் கைப்பணத்தில் நிலம் பூசத் தயங்குவார்; போகும்போது அதனைப் பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாதே! ஆகவே வெடித்த நிலம் வெடித்தபடியே கிடந்தது.

சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய நிலமும் உண்டு. 1863-இல் பிரெட்றிக் வால்ற்றன் காப்புரிமை பெற்ற லினோலியம் அத்தகையது. இன்றைய பிளாஸ்ரிக் விரிப்பு அதன் பேரப்பிள்ளை. ஆனால் ஈரம் கசியும் தரைமேல் அதனை விரித்தால், நீராவி வெளியேற வழியின்றி அடியிலே பூஞ்சணம் படரும். பளிங்கு போன்ற ரைல்ஸ் பதித்து வாடகையை உயர்த்துவது இந்நாளைய வழக்கம். அடித்தளத்து ஈரத்தைத் தடுக்காமல் பதித்தால் அதுவும் கிளம்பிவிடும்; நனைந்தால் முதியோரை வழுக்கி வீழ்த்தும். என்னைக் கேட்டால், நன்கு கழுவிய ஆற்றுமணலில் பூசிய சாதாரணச் சீமெந்து நிலமே துறைமுகத்து வாடகை வீட்டுக்கு ஏற்றது என்பேன்.

1964 திசெம்பர்ப் புயல் இம்மாவட்டத்தில் கூரைகளைப் பறித்தது. 2004-இல் ஆழிப்பேரலை சுவர்களை இடித்தது. இடையில் வந்த போரினால் ஓடியவர்கள் ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, ஓடும் கதவும் நிலையும் போயிருந்தன. புல்லை விலக்கி நிலத்தைத் தேடினர். சிவப்பு இருந்த இடம் விறாந்தை, கறுப்பு இருந்த இடம் குசினி என்று நிறத்தைக் கொண்டே அறைகளைக் கண்டனர். அவ்வாறு தேடி நின்றவர்களுள் வாடகைக்கு இருந்தவர்களும் இருந்தனர்.