மருத்துவச்சியும் டாக்டரும்

நம் நாட்டில் பிள்ளைப்பேறு பார்க்கும் தொழில் நெடுங்காலம் பெண்களின் கையிலேயே இருந்துவந்தது. தமிழில் மருத்துவச்சி என்றும் வடநாட்டில் தாயி என்றும் வழங்கப்பெற்ற இவர்களுள் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கொப்பூழ்க்கொடி அறுத்தலைத் தீட்டென்று கருதிய வீடுகள், அத்தீட்டைச் சுமப்பதற்கென்றே இவர்களை அழைத்தன; பேறு முடிந்ததும் வாயிலுக்கு வெளியே நிறுத்தின. இவர்களுடைய அனுபவமும் பொறுமையும் சிறியன அல்ல. எனினும், கொதிநீரில் இடாத கத்தியால் கொடியறுத்தமையால் பச்சிளங்குழந்தைகள் ரணஜன்னி கண்டு மாண்டதும் மறுக்கவொண்ணாத உண்மையாகும்.

1885இல் டஃபரின் சீமாட்டி நிறுவிய நிதி, பெண் டாக்டர்களையும் பெண்களுக்கான மருத்துவமனைகளையும் நாடெங்கும் பெருக்க முயன்றது. ஆயினும் பேறுகள் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்தன. ஆதலின் 1903இல் கர்சன் சீமாட்டி, தாயிகளுக்கே பயிற்சியளிக்க விக்டோரியா நினைவு உபகாரச் சம்பள நிதியை ஏற்படுத்தினார். பெயரிலேயே உபகாரச் சம்பளம் அமைந்தது பொருத்தமே. வகுப்பிற்குச் செல்லும் நாள் அவளுக்குக் கூலியை இழக்கும் நாள் அன்றோ? அதனினும் பெரியது அச்சம். டாக்டரம்மாள் தன் பிழைப்பைப் பறிப்பாரோ, நேர்ந்த தீங்கிற்கெல்லாம் தன்மேல் பழி சுமத்துவாரோ என்று அவள் ஐயுற்றாள். 1918இல் அந்நிதியின் சார்பில் வெளிவந்த அறிக்கையில் பெண் டாக்டர்களின் இரக்கமும் தெரிகிறது. தாயிகளைப் பற்றிய இகழ்ச்சியும் தெரிகிறது. இகழ்ச்சிக்கும் ஒரு விலையுண்டு. குழந்தை குறுக்கே கிடக்கும்போதும், உதிரம் பெருகும்போதும் ஒவ்வொரு நாழிகையும் உயிர். ஏசப்படுவோம் என்று அஞ்சுபவள் டாக்டருக்கு ஆள் அனுப்பத் தயங்கவே செய்வாள். தயங்கினால் இழப்பு அவளுடையதன்று, பிள்ளை பெறுபவளுடையது.

சென்னையில் நிலை சற்று வேறு. 1844இல் தோன்றிய மகப்பேறு மருத்துவமனையில், 1854 முதலே மருத்துவச்சியர்க்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடாயிற்று. கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். யாரை எப்பொழுது அழைப்பது என்பதில் அங்கே வழக்கிற்கு இடமில்லை. 1926இல் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கெனச் சென்னை மாகாணத்தில் தனிச்சட்டமும் பிறந்தது.

ஆயினும் நாடு முழுவதையும் நோக்கின் இவை மிகச் சிறிய தொடக்கங்களே. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946இல் தந்த கணக்கின்படி, ஏறத்தாழ 30 கோடி மக்களுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் 5,000 பேரே இருந்தனர். ஆண்டொன்றுக்குப் பேறுகாலத்தில் இறந்த தாய்மார் சுமார் 2 இலட்சம் என்று அக்குழு மதிப்பிட்டது.

விடுதலைக்குப் பின் துணைச்செவிலியர் ஊர்தோறும் வந்தனர். 1970களின் பிற்பகுதியில் கிராமத் தாயிகளுக்கும் பயிற்சி விரிந்தது. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம், பேறுகளை மருத்துவமனைக்குக் கொணர உதவித்தொகை வழங்கிற்று. 2018–20 கணக்கெடுப்பில், இலட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் என்ற அளவிற்கு இறப்பு குறைந்தது. 2018இல் வெளியான அரசின் வழிகாட்டு நெறிகள், இயல்பான பேற்றை மருத்துவச்சியர் நடத்தவும், சிக்கலானதை டாக்டர் ஏற்கவும் மருத்துவமனையிலேயே வகை செய்தன. 18 மாதம் நிகழும் அப்பயிற்சி பதிவு பெற்ற செவிலியர்க்கே உரியது. ஊர்த் தாயிக்கு அதில் இடம் வகுக்கப்படவில்லை.