இன்ஸ்டாகிராம் படவுருவின் மாற்றங்கள்: 2010 முதல் 2022 வரை

பிரிட்டனில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிகச்சின்னப் பதிவு 1876 ஜனவரி 1 அன்று தொடங்கியபோது, பாஸ் என்னும் மதுவடிசாலையின் சிவப்பு முக்கோணமே முதலாவதாகப் பதிவாயிற்று. அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வணிகச்சின்னம் புட்டியிலும் பெட்டியிலும் பெயர்ப்பலகையிலுமே இடம்பெற்றிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2008இல் செயலிக் கடையைத் திறந்த பிறகு, கைபேசித் திரையில் விரலால் தொட்டுச் செயலியைத் திறக்கும் சிறு சதுரப் படமாகிய படவுரு, நிறுவனத்தின் அடையாளமாகவும் அதன் வாயிலாகவும் ஒருங்கே அமைந்தது. ஆகவே அதில் நேரும் சிறு மாற்றமும் பயனர்களின் அன்றாடப் பழக்கத்தைத் தொடுவதாயிற்று. இதற்குத் தெளிவான சான்று இன்ஸ்டாகிராமின் வரலாறு.

கெவின் சிஸ்ட்ரம், மைக் கிரீகர் ஆகிய இருவரும் 2010 அக்டோபர் 6 அன்று வெளியிட்ட இச்செயலியின் முதல் படவுரு, எடுத்தவுடனேயே படத்தை அச்சிட்டுத் தரும் போலராய்டு கேமராவை ஒத்திருந்தது. விரைவில் அதற்கு மாற்றாக, புகைப்படக் கலைஞரும் வடிவமைப்பாளருமான கோல் ரைஸ், 1950களின் பெல் அண்ட் ஹவல் கேமராவை முன்மாதிரியாகக் கொண்டு, பழுப்புத் தோல் போர்த்திய மேற்பகுதியும் வானவில் பட்டைகளும் கண்ணாடி வில்லையும் கொண்ட படவுருவை வரைந்தார். தோல், மரம், உலோகம் முதலிய உண்மைப் பொருள்களின் தோற்றத்தைத் திரையில் போலச்செய்யும் இம்முறை ஸ்கியூமார்ஃபிசம் எனப்படும். புதிய படங்களுக்குப் பழைய சாயல் ஏற்றும் வடிகட்டிகளால் புகழ்பெற்ற செயலிக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ஆப்பிள் 2013இல் வெளியிட்ட ஐஓஎஸ் 7 இயங்குதளம், நிழலும் பளபளப்பும் நீக்கிய தட்டை வடிவமைப்புக்கு மாறியதும், தோல் போர்த்திய கேமரா திரையில் தனித்துப் பழமையாகத் தெரிந்தது. அதே ஆண்டில் காணொளியும் தனிச்செய்தி வசதியும் சேர்ந்ததால், பழங்காலக் கேமராவின் உருவம் செயலியின் பணிகள் அனைத்தையும் குறிக்கவும் போதவில்லை.

வடிவமைப்புத் தலைவர் இயன் ஸ்பால்டரின் குழு, படவுருவை நினைவிலிருந்து ஐந்து நொடியில் வரையுமாறு நிறுவன ஊழியர்களைக் கேட்டபோது, ஏறத்தாழ அனைவரும் வானவில்லையும் வில்லையையும் காட்சிகாண் துளையையும் வரைந்தனர். தோலை நினைவுகூராத அந்த விடைகளே எதைக் களையலாம், எதைக் காக்கவேண்டும் என்பதற்கு வழிகாட்டின. 2016 மே 11 அன்று வெளிவந்த புதிய படவுருவில் கேமரா வெண்ணிறக் கோட்டுருவாகச் சுருங்கியது. வானவில், ஊதாவிலிருந்து இளஞ்சிவப்பு வழியே மஞ்சள்வரை ஒன்றில் ஒன்று கரையும் நிறப்படிவாகப் பின்புலத்தில் பரவியது. செயலியின் உட்பக்கங்களோ, பயனர்களின் படங்களே நிறம் தரட்டும் என்ற நோக்கில் கறுப்பு வெள்ளைக்கு மாறின.

சமூக ஊடகங்களில் கேலியும் கண்டனமும் எழுந்தபோதிலும் நிறுவனம் பின்வாங்கவில்லை. இன்ஸ்டாகிராம் பிறந்த அதே 2010 அக்டோபரில், கேப் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனம் இருபதாண்டுகளாகப் பழகிய நீலச் சதுர இலச்சினையைக் கைவிட்டுப் புதியதை அறிவித்து, எதிர்ப்புக்குப் பணிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பியது. இரு நிகழ்வுகளிலும் எதிர்ப்பு எழுந்ததேயாயினும், கேப் மக்கள் நினைவில் பதிந்த சதுரத்தைச் சிறு மூலைக்கு ஒதுக்கியது. இன்ஸ்டாகிராம் நினைவில் நின்றவற்றை மட்டும் எளிமையாக்கி வைத்துக்கொண்டது. 2022இல் நிறங்கள் மேலும் ஒளிர்வாக்கப்பட்டபோதும் 2016இன் கோட்டுரு மாற்றப்படவில்லை என்பது, அந்தத் தேர்வு நிலைபெற்றதைக் காட்டுகிறது.