கட்டம் கட்டமாய் உடைந்த முகம்

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டிருந்தன. திருவாரூரில் என் வீட்டுக் கூடத்தில், மடிக்கணினியின் சிறு காமிராவுக்கு முன் நின்று இயற்பியல் பாடம் நடத்தினேன். வயல்களுக்கு நடுவேயுள்ள ஒரு சிற்றூரில் அதைக் கைப்பேசியில் பார்த்த மாணவி ஒருத்தி, "சார், உங்கள் முகம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைகிறதே, ஏன்?" என்று கேட்டாள். அந்தக் கட்டங்களுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு படத்தில் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் என்றால், விநாடிக்கு 18 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள்! தொலைபேசிக் கம்பி வழி இணையம் வந்த நாட்களில் விநாடிக்கு 56,000 பிட்டுகள் கிடைத்தாலே பெரிது. அப்படியானால் படம் எவ்வாறு பயணம் செய்கிறது?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1972-இல் தம் ஆய்வுக்கு நிதி கேட்டு அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். கருத்து மிக எளிமையாக உள்ளதென ஒரு மதிப்பீட்டாளர் கூறினார்; நிதி மறுக்கப்பட்டது. அகமது தளரவில்லை. 1973 கோடையில் ஊதியமில்லாமலே ஆய்வைத் தொடர்ந்தார். ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவும் துணை நின்றனர். 1974 ஜனவரியில் மூவரும் வெளியிட்ட கட்டுரையே 'தனித்த கொசைன் மாற்றம்' என்னும் முறையை உலகுக்குத் தந்தது.

அம்முறை என்ன செய்கிறது? படத்தை, 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கட்டத்தையும் பல கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம். பெரும்பகுதிச் செய்தி நீண்ட அலைகள் சிலவற்றிலேயே அடங்கிவிடும். வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு வயல் ஒரே பசும்பரப்பாகத் தெரிகிறது. தனித்தனித் தாள் கண்ணில் படுவதில்லை அல்லவா? அதுபோல் நுண்ணிய அலைகளை விட்டுவிட்டாலும் கண் பொருட்படுத்துவதில்லை. மேலும், எனக்குப் பின்னாலுள்ள சுவர் மாறுவதில்லை. ஆகவே மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். இவ்விரு உத்திகளும் சேர்ந்தால், 18 கோடி பிட்டுகள் சுமார் 10 லட்சமாகச் சுருங்கிவிடும். 1988-இல் காட்சித் தொலைபேசிக்கென வகுக்கப்பட்ட எச்.261 என்ற தரமுறை இவ்வழியில் அமைந்ததே.

அலைவரிசை நலிந்தால் இன்னும் அதிக அலைகளைக் கைவிட நேரும். அப்போது அண்டைக் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எல்லைகள் தெரியும். மாணவி கண்டது அதைத்தான்.

நம் காவிரிப் படுகை காட்சித் தொடர்புக்குப் புதிதன்று. 2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் திருவையாறு உள்ளிட்ட ஊர்களைச் செயற்கைக்கோள் வழியே சென்னையுடன் இணைத்தன. ஆனால் அதற்குத் தனிச் சாதனங்கள் வேண்டியிருந்தன. சாதாரண உலாவியே காமிராவை இயக்க, 2002-இல் பிளாஷ் என்னும் இணைப்பு மென்பொருள் வழி திறந்தது. 2020 இறுதியில் அதற்கான ஆதரவு நின்றது. 2011-இல் அறிமுகமான வெப்ஆர்டிசி என்னும் முறை, 2021 ஜனவரியில் உலகத் தரமுறையாயிற்று.

உலாவி முதலில் நம் அனுமதியைக் கேட்கிறது. பிறகு காட்சியைச் சுருக்கி, எண்ணிட்ட சிறு பொட்டலங்களாக்கி, சர்வர் எனும் தொலைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. நேரலையில் காலந்தாழ்ந்து வரும் பொட்டலத்தால் பயனில்லை, அது தள்ளப்படும். பதிவு செய்யும்போது அவசரமில்லை. வந்து சேராத துண்டை மீண்டும் அனுப்பச் சொல்லிப் பெற்று, வரிசையாகச் சேர்த்து வைக்கலாம்.

அந்த மாணவி பகலில் தவறவிட்ட பாடத்தை, அலைவரிசை சீராக இருந்த நள்ளிரவில் பதிவிலிருந்து பார்த்து முடித்தாள். 'மிக எளிது' என்று ஒதுக்கப்பட்ட கருத்துதான் அவளுக்கு அன்று வகுப்பறையைக் கொண்டுவந்து சேர்த்தது.