எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

1953ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 270,000 மக்கள் வாழ்ந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1963இல் எடுக்கப்பட்ட மதிப்பீடு, அதே பெயருடைய மாவட்டத்தில் ஏறக்குறைய 196,000 மக்களே உள்ளனர் என்று கூறிற்று. இடைப்பட்ட காலத்தில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் எங்கே போயினர்? கொள்ளைநோய் வந்ததா? ஊரைவிட்டுக் கூட்டங்கூட்டமாக ஓடினரா? 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளம் வயல்களை அழித்ததுண்டு. ஆயின் அது இத்தனை பேரைக் கொண்டுபோய்விடவில்லை. உண்மையில் அக்காலத்தில் இப்பிரதேசத்தின் மக்கள் தொகை பெருகியே வந்தது.

நடந்தது வேறு. 1961இல் மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1963இல் அப்புதிய மாவட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எண்ணப்பட்டனர். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் தத்தம் வளவுகளில் இருந்தபடியே மக்கள் ஓர் அட்டவணையிலிருந்து மற்றோர் அட்டவணைக்கு மாறினர். ஒருவரும் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது.

புள்ளிவிபரவியலின் முதற்பாடம் இதுவே. எதனைப் பற்றி அறிய விரும்புகின்றோமோ அதன் முழுமையை அத்துறையினர் 'குடித்தொகை' என்பர். கூட்டலுக்கும் வகுத்தலுக்கும் முன்னதாக அதன் எல்லையை வரையறுத்தாக வேண்டும். அந்த எல்லையை வரைவது கணிதம் அன்று. வரலாறும் அதிகாரமுமே அதனை வரைகின்றன. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் மக்கள் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு எண்ணப்பட்டனர், எவ்வாறு எண்ணப்படாது விடப்பட்டனர் என்பதை நோக்கின், பாடநூல்கள் வரட்டுச் சூத்திரங்களாகத் தரும் அடிப்படைக் கருத்துகள் யாவும் உயிருள்ள சமூகப் பிரச்சினைகளாக நம்முன் எழுந்து நிற்கும்.

புள்ளிவிபரவியலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே 'அரசு' என்னும் பொருள்தரும் சொல்லின் அடியாகப் பிறந்தது. வரி எவ்வளவு திரட்டலாம், உழைக்கும் கைகள் எத்தனை உள என்பதை அறிய வேண்டியிருந்தது ஆள்வோருக்கே. இலங்கை முழுவதையும் தழுவிய முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அன்று எண்ணப்பட்டோர் 2,400,380 பேர். தோட்ட முதலாளித்துவம் மலைநாட்டில் வேரூன்றிவிட்ட காலம் அது. நெல்லின் மீதும் குடியேற்ற அரசு வரி அறவிட்ட காலம். வாவிக்கரை விவசாயி அன்று எண்ணப்பட்டது அவனது நலனுக்காக மட்டுமே என்று நம்புவார் யாருமிலர்.

எனினும் ஆள்வோரின் கருவி என்றும் ஆள்வோரின் கருவியாகவே இருந்துவிடுவதில்லை. 1901ஆம் ஆண்டின் மதிப்பீட்டைப் பொறுப்பேற்று நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். பதிவாளர் நாயகமாக இருந்து பிறப்பு இறப்புப் பதிவுகளைச் செம்மைப்படுத்தியவரும் அவரே. அதே அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இறப்புக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவரே தொழிலாளரின் வாழ்க்கையைக் குறித்தும் கேள்வி எழுப்பினார் என்பது நாம் எண்ணிப்பார்க்கத்தக்கது. எத்தனை குழந்தைகள் இறந்தன என்ற கணக்கு இல்லாத நாட்டில் அக்குழந்தைகளுக்காக வாதாடவும் இயலாது.

எண்ணுவதற்கு எல்லை மட்டுமன்றி வகுப்பும் வேண்டும். யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது? 1901இல் சிங்களவர் கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் எனப் பிரித்து எண்ணப்பட்டனர். 1911இல் தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரிக்கப்பட்டனர். அட்டவணையில் இடப்பட்ட கோடுகள் பின்னர் அரசியலிலும் கோடுகளாயின.

வேடரின் கதை இன்னும் தெளிவானது. 1946இல் இலங்கையில் 2,300க்கு மேற்பட்ட வேடர் எண்ணப்பட்டனர். 1953இல் அவ்வெண்ணிக்கை ஏறக்குறைய 800 ஆயிற்று. மலேரியா அடக்கப்பட்டு நாடெங்கும் இறப்புவீதம் சரிந்த அந்த ஏழாண்டுகளில் வேடர் மட்டும் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டுபோயினர் என்று எவரும் கூறார். மட்டக்களப்புக்கு வடக்கே கரையோரத்தில் வாழும் வேடர் தமிழ் பேசுவோர். அயலவரோடு மணவுறவு கொண்டோர். கணக்கெடுப்பவர் ஒருவரது பேனா அவரை 'வேடர்' என்றும் எழுதும். 'தமிழர்' என்றும் எழுதும். ஓர் எண் குறைந்தது என்றால் மனிதர் குறைந்தனர் என்பது மட்டுமே பொருளன்று. பெயர் மாறிற்று என்பதும் பொருளாகலாம்.

நூற்றுவீதமும் இத்தகையதே. 1961க்கு முன்னர் திருக்கோவிலில் வாழ்ந்த ஒரு தமிழ் விவசாயி மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகத்தைச் சேர்ந்தவன். 1981இல் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 41 அளவினர். சிங்களவர் 38 அளவினர். தமிழர் 20 அளவினர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் இதற்கு ஒரு காரணம். மாவட்ட எல்லை மற்றொரு காரணம். பின்னத்தின் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். கீழே உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவனே உண்மையை அணுகுவான். நிலமற்றுக் கல்லோயாவுக்கு வந்த சிங்கள விவசாயியையும், அயலில் நிலமற்று நின்ற தமிழ், முஸ்லிம் விவசாயிகளையும் வெறும் நூற்றுவீதங்களாக்கி ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்தியதே இனவாத அரசியலின் கணக்கு. நிலமற்றோர் என்ற வகுப்பு அக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

இனி, மிகுதியாகப் பயன்படுவதும் மிகுதியாக ஏமாற்றுவதுமான சராசரிக்கு வருவோம். நமது பாடநூல்கள் இதனை 'இடை' என்கின்றன. படுவான்கரையில் ஒரு வட்டையை எடுத்துக்கொள்வோம். கணக்கின் வசதிக்காக, அதில் பத்துக் குடும்பங்களுக்கு நிலம் உண்டு எனக் கொள்வோம். போடியார் ஒருவருக்கு 91 ஏக்கர். அவரிடம் முல்லைக்காரராக உழைக்கும் ஒன்பது குடும்பங்களுக்கு ஆளுக்கு 1 ஏக்கர். மொத்தம் 100 ஏக்கர், குடும்பங்கள் 10, ஆகவே இடை 10 ஏக்கர். கணக்கில் பிழையில்லை. ஆனால் 10 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அவ்வட்டையில் ஒன்றேனும் உண்டா? குடும்பங்களை நில அளவின்படி வரிசையில் நிறுத்தி நடுவே நிற்பவரைக் கேட்டால் அவரிடம் இருப்பது 1 ஏக்கர், இதுவே 'இடையம்'. மிகப் பலரிடம் இருப்பது எவ்வளவு என்று கேட்டாலும் 1 ஏக்கர்தான், இதுவே 'ஆகாரம்'. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடாகிய 'வீச்சு' 90 ஏக்கர்.

"இவ்வூரில் குடும்பத்துக்குச் சராசரி 10 ஏக்கர் நிலம் உண்டு, உதவி எதற்கு?" என்று ஓர் அலுவலர் எழுதிவிட்டால், ஒன்பது குடும்பங்களின் வறுமை ஒரு வகுத்தற் கணக்கில் மறைந்துவிடுகிறது. இடையும் இடையமும் வெகுதூரம் விலகி நிற்கும் இடத்தில் ஏற்றத்தாழ்வு குடியிருக்கிறது என்று மாணவர் அறிதல் வேண்டும். பரம்பலைக் காட்டாது சராசரியை மட்டும் காட்டுவோர், அறிந்தோ அறியாமலோ, போடியாரின் பக்கமே நிற்கின்றனர்.

எல்லோரையும் எண்ண இயலாதபோது சிலரைக் கேட்டு எல்லோரையும் அறிய முயல்வதே மாதிரி ஆய்வு. இத்துறையில் நமது அயல்நாட்டின் பங்கு பெரிது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் விளைச்சலை அளக்க மாதிரி ஆய்வைக் கையாண்டார். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் ஓய்ந்தபின், அது கிராமக் குடும்பங்களை எவ்வாறு சிதைத்தது என்பதை அதே முறையால் ஆராய்ந்தார். 1950இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு அவரது வழிகாட்டலிலேயே தொடங்கிற்று.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. பானை முழுவதும் ஒரே நெருப்பில் சீராக வெந்திருந்தால் அவ்வாக்கு மெய். சமூகமோ சீராக வேகாத பானை. எழுவான்கரையின் பெருவீதி வழியே வாகனத்தில் சென்று, வீதியோர வீடுகளில் மட்டும் கேட்டுத் திரும்புபவர், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் துறை கடந்து செல்ல வேண்டிய குடிசைகளைக் கண்டிரார். ஆயிரம் வீடுகளைக் கேட்டாலும் அப்பிழை நீங்காது. தவறான இடத்தில் எடுத்த பெரிய மாதிரி பெரிய தவற்றையே தரும். ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பதே எழுமாற்று மாதிரியின் உயிர்நாடி. ஒருவகையில் இது ஒரு ஜனநாயகக் கோட்பாடு.

கேட்கப்படாதோரைப் பற்றிப் பேசும்போது இப்பிரதேசத்தின் மிகப் பெரிய காயத்தைத் தொடாதிருக்க முடியாது. 1981இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் 330,333 பேர் எண்ணப்பட்டனர். 1991இல் போரின் காரணமாக மதிப்பீடே நடைபெறவில்லை. 2001இல் நாட்டின் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது நிறைவேறியது. அம்பாறை அவற்றுள் ஒன்று, மட்டக்களப்பு அவற்றுள் இல்லை. 2012இலேயே மட்டக்களப்பு மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டது: 526,567 பேர்.

இரண்டு எண்களையும் வைத்துக் கணக்கிட்டால், 31 ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 1.5 வீதம் வளர்ச்சி எனக் கிடைக்கும். முழு நாட்டின் வளர்ச்சியினும் இது கூடியது. போர் இங்கு பெரிதாக எதனையும் செய்துவிடவில்லை என்று ஒருவர் வாதிடவும்கூடும்! ஆனால் அந்த நேர்கோட்டின் அடியில் கிடப்பவை எவை? 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோரத்தை விழுங்கிற்று. 1982இல் பிறந்து, 2004இல் நாவலடிக் கரையில் மாண்ட ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். இருபத்திரண்டு ஆண்டுகள் அவன் இம்மண்ணில் வாழ்ந்தான். எனினும் இம்மாவட்டத்தின் முழுமையான குடிசன மதிப்பீடு எதுவும் அவனைக் கண்டதில்லை. அட்டவணையைப் பொறுத்தவரை அவன் வரவும் இல்லை, போகவும் இல்லை.

1990 செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். அந்த 158 என்ற எண் அரசின் மதிப்பீட்டிலிருந்து வந்ததன்று. முகாமை நடத்தியோரும் உறவினரும் பெயர் பெயராகக் கூறியதால் நிலைத்தது. மக்கள் தம்மைத் தாமே எண்ணும்போது எண் சாட்சியாகிறது.

2024இல் மீண்டும் ஒரு குடிசன மதிப்பீடு நடைபெற்றது. அதன் எண்களைக் கொண்டே நமது பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் நிதி ஒதுக்கீடுகளும் திட்டமிடப்படும். ஆகவே எண்களைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும், எண் என்றாலே பொய் என்று எள்ளி நகைப்பதும் நமக்கு ஏற்புடையன அல்ல. எந்த எல்லைக்குள் எண்ணினார்கள்? எந்த வகுப்புகளாகப் பிரித்தார்கள்? சராசரிக்கு அடியில் பரம்பல் யாது? யாரைக் கேளாது விட்டார்கள்? இந்நான்கு வினாக்களையும் கேட்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பறையில் உண்டாக்குதல் வேண்டும். கற்பனை நாணயங்களையும் பகடைகளையும் வைத்து மட்டும் கற்பிக்காது, மாணவரின் சொந்த ஊரின் காணியையும் கூலியையும் மீன்பாட்டையும் வைத்து இடையையும் இடையத்தையும் கற்பிக்கட்டும். தன் ஊரை எண்ணத் தெரிந்த மாணவன், பிறர் எண்ணிக் கொடுத்ததைக் கேள்வியின்றி ஏற்கமாட்டான்.