வீட்டு ஒலிப்பதிவுக்கான அகூஸ்டிக் கிட்டார்

வீட்டு ஒலிப்பதிவுக்கென்று அகூஸ்டிக் கிட்டாரில் தனி வகை எதுவும் தயாராவதில்லை. கடையில் தொங்கும் கிட்டார்களில் எது சாதாரண அறையில், ஒரே ஒரு மைக் முன்னால், தெளிவாகப் பதிவாகும் என்பதே கேள்வி. கடையில் காதைக் கவரும் கிட்டாரும் மைக்குக்கு ஒத்துவரும் கிட்டாரும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. இங்கு எடுத்துக்கொள்வது எஃகுக் கம்பி பூட்டிய கிட்டார்களை மட்டுமே. நைலான் கம்பி பூட்டும் கிளாசிக்கல் கிட்டாரின் கட்டுமானம் வேறு. செலவு மிச்சம் என்று அதில் எஃகுக் கம்பியைப் பூட்டினால், ஏறத்தாழ 40 கிலோ இழுவிசைக்குச் செய்யப்பட்ட பிரிட்ஜ் 70 கிலோ வரை தாங்க வேண்டிவரும். நாளடைவில் பெயர்ந்து வந்துவிடும்.

உடலின் அளவு

கடைகளில் மிகுதியாகக் காணப்படுவது ட்ரெட்நாட் என்ற பெரிய உடல் கொண்ட வடிவம். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் பாஸ்டன் நகர ஆலிவர் டிட்சன் நிறுவனத்துக்காக இதை முதலில் செய்தது. 1931 முதல் தன் பெயரிலேயே விற்றது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. மைக் இல்லாத கூட்டத்தில் பாடகரின் குரலுக்கு ஈடுகொடுக்க உரத்த ஒலியும் கனத்த கீழ்ச்சுரங்களும் தேவைப்பட்ட காலத்தின் விடை அது. மைக் ஓரடி தூரத்தில் இருக்கும்போது அந்த உரப்புக்கு அவ்வளவு தேவையில்லை. அதன் கனமோ தொல்லையாகவே முடியும்.

ட்ரெட்நாட்டின் உட்காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவில் தானாகவே அதிர முனையும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். எனவே ஜி கார்டு அடிக்கும்போதெல்லாம் அந்த ஒரு சுரம் மட்டும் புடைத்துக்கொண்டு கேட்கும். அறையும் இதற்குத் துணைபோகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்கள் 56, 112 ஹெர்ட்ஸ்களிலும், பன்னிரண்டடி இடைவெளிச் சுவர்கள் 47, 94 ஹெர்ட்ஸ்களிலும் ஒலியைப் பெருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையில் ட்ரெட்நாட்டைப் பதிவுசெய்பவர் கிட்டாரின் கனத்தையும் அறையின் முழக்கத்தையும் சேர்த்தே பதிவுசெய்கிறார். போதாததற்கு, ஒரு திசையில் மட்டும் கேட்கும் கார்டியாய்ட் மைக்கைக் கருவிக்கு நெருக்கிவைத்தால் கீழ்ச்சுரங்கள் இன்னும் ஏறும்.

கான்சர்ட், ஆடிட்டோரியம் எனப்படும் சிறிய, இடை குறுகிய வடிவங்களில் இந்தச் சிக்கல் குறைவு. யமஹாவின் எஃப்ஜி800, எஃப்எஸ்800 இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். இரண்டிலும் மேற்பலகை ஒரே மரம்தான். முதலாவது ட்ரெட்நாட் வகை: கம்பி நீளம் 650 மி.மீ., உடலின் ஆழம் 100 முதல் 118 மி.மீ. இரண்டாவதில் கம்பி நீளம் 634 மி.மீ., ஆழம் 90 முதல் 110 மி.மீ. பின்னதில் சுரங்கள் சமமாக ஒலிக்கும், கம்பியும் விரலுக்குச் சற்று இளகும். குரலோடு சேர்த்துப் பதிவுசெய்வோருக்கு இது பெரிய வசதி. சிறிய உடலுக்கும் ஒரு குறை உண்டு. அதன் ஒலி மெல்லியதாகையால் மைக்கின் கெயினைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மின்விசிறியும் அடுத்த வீட்டுக் குக்கரும் உள்ளே வரும். மின்விசிறியையாவது நிறுத்திவிடலாம்.

மரம்

ஒலியைத் தீர்மானிப்பதில் மேற்பலகைக்கே முதலிடம். 'சாலிட் டாப்' என்பது ஸ்ப்ரூஸ் போன்ற மரத்தை அறுத்த பலகை. 'லாமினேட்' என்பது மெல்லிய தகடுகளை ஒட்டிய பிளைவுட். அறுத்த பலகை எளிதாக அதிரும், மெல்ல வாசித்தாலும் ஒலியின் நிறம் மாறிக் கேட்கும், வயதாக ஆக ஒலி திறந்துகொள்ளும் என்று வாசிப்போர் சொல்வர். பிளைவுட்டைக் கேவலமாக எண்ண வேண்டியதில்லை: 1966-இல் வெளிவந்து உலகெங்கும் யமஹாவின் பெயரை நிலைநாட்டிய எஃப்ஜி180 பிளைவுட் மேற்பலகை கொண்டதுதான்.

அறுத்த பலகைக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் ஈரம் இதை எளிதாகத் தாண்டும். பலகை உப்பி, கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து மேலேறிவிடும். நாள் முழுதும் ஏசி ஓடும் அறையில் நேர்மாறாக உலர்ந்து வெடிக்கவும் கூடும். உறையும் பெட்டியும் இல்லாமல் சுவரில் மாட்டிவைக்கும் வீட்டுக்குப் பிளைவுட்டே பொருத்தம்.

பின்பலகை, பக்கப்பலகைகளைப் பற்றி விலைகுறைந்த கிட்டார்களில் கவலைப்படுவது வீண். நாட்டோ, ஒக்கூமே, சப்பேலி என்று அட்டையில் எது இருந்தாலும் அநேகமாகப் பிளைவுட்டாகவே இருக்கும். உயர்விலைக் கிட்டார்களின் பின்பலகையில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அருகியதும் 1969-இல் மார்ட்டின் நிறுவனம் ஈட்டிக்கு மாறியது.

கடையில் பார்க்க வேண்டியவை

மலிவான கிட்டாரைக் கெடுப்பது பெரும்பாலும் மரமல்ல, முடிப்பு வேலை. ஆக்‌ஷன் எனப்படும் கம்பி உயரத்தை ஒரு சிறு அளவுகோலால் அளந்துவிடலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஆறாம் கம்பி சுமார் 2.5 மி.மீ., முதல் கம்பி 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்றால் நன்று. ஆறாம் கம்பி 3 மி.மீ. தாண்டினால் அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். அடுத்து, அதே ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஹார்மோனிக் எழுப்பி, பிறகு அழுத்தி வாசித்து, இரண்டையும் டியூனர் செயலியில் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவராத கிட்டாரை வாங்கலாகாது. நேரில் வாசிக்கும்போது காது மன்னிக்கும் இந்தப் பிசகு, ஒரே பகுதியை இரண்டு முறை பதிவுசெய்து இடமும் வலமுமாக அடுக்கும்போது அப்பட்டமாகத் தெரியும். எல்லாக் கம்பிகளிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி இரைச்சல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வாசிப்பவர் காது கிட்டாருக்கு மேலே இருக்கிறது, மைக் முன்னால் இருக்கப்போகிறது. ஆகவே கடைக்காரரை வாசிக்கச் சொல்லி, வாங்குபவர் கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு எதிரே ஓரடி தள்ளிக் காதை வைத்துக் கேட்பது பயன் தரும். ஆறாம் கம்பியில் ஒவ்வொரு சுரமாக, ஒரே அழுத்தத்தில் ஏறச் சொன்னால் எந்தச் சுரம் புடைக்கிறது, எது சப்பென்று போகிறது என்பது தெரிந்துவிடும். கடைக் கிட்டார்களில் கம்பி துருவேறிக் கிடப்பது வழக்கம். மந்தமான ஒலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதுக் கம்பி மாற்றிக் கேட்பது நியாயமான கோரிக்கையே.

பிக்கப்பும் மைக்கும்

விலைகுறைந்த கிட்டார்களில் பொருத்தி வரும் பிக்கப், பிரிட்ஜின் சாடிலுக்கு அடியில் இருக்கும் பியசோ பட்டை. மேடையில் அது கை கொடுக்கும். பதிவில் மரத்தின் ஒலி போய் ரப்பரைச் சுண்டியதுபோன்ற ஒலிதான் மிஞ்சும். இரவில் சத்தமான தெருவை ஒட்டி வசிப்பவரைத் தவிர மற்றவர்கள் அந்தக் காசை மைக்கில் போடுவது மேல்.

மைக்கும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டியாக் நிறுவனம் 1979-இல் நான்கு தடக் கேசட் ரெக்கார்டரான போர்ட்டாஸ்டூடியோவை வெளியிட்டபின் வீட்டுப் பதிவு பரவியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தொகுப்பு, நியூ ஜெர்சியில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் அந்த இயந்திரத்திலும் எளிய ஷூர் எஸ்எம்57 மைக்குகளிலும் பதிவானது. இன்று மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் கண்டென்சர் மைக் ஒன்றே போதும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டை நோக்கி 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் முழக்கம்தான் பதிவாகும்.

விலை

இந்தியாவில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் யமஹா எஃப்280, எஃப்310 போன்றவை பிளைவுட் மேற்பலகை கொண்டவை. சாலிட் டாப் கிட்டாருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். எந்த விலையில் வாங்கினாலும், நல்ல பழுதுபார்ப்பவரிடம் நட், சாடில், கழுத்து வளைவு மூன்றையும் சரிசெய்வதற்கும் ஒரு செட் புதுக் கம்பிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். மைக் ஏற்கெனவே இருப்பவர் சிறிய உடல், சாலிட் டாப், பிக்கப் இல்லாத கிட்டாரை வாங்கலாம். மைக் இல்லாதவர் பிளைவுட் கிட்டாரை வாங்கி, மிச்சப் பணத்தை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் வைத்துக்கொள்வதே சரி.