போக்சோ

கேரளத்தின் பழவங்காடியில் மலையாள நாளிதழைப் பிரித்தாலும் தமிழ் நாளிதழைப் பிரித்தாலும் மாறாமல் நிற்கும் சொல் இது. ‘புரொடெக்‌ஷன் ஆஃப் சில்ட்ரன் ஃப்ரம் செக்சுவல் அஃபென்சஸ்’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்தது. நடுவிலுள்ள ‘ஃப்ரம்’ மட்டும் உதிர்ந்துவிட்டது. தமிழில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012.

நாடாளுமன்றம் இயற்றிய இச்சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் நாளன்று நடைமுறைக்கு வந்தது. கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் ஒன்றே. 18 வயது நிரம்பாத எவரும், ஆணோ பெண்ணோ, இதில் ‘குழந்தை’தான்.

பேச்சு வழக்கில் ‘போக்சோ’ என்றால் கைது, வழக்கு என்றே பொருள். சட்டத்துக்குள் இன்னொரு பொருளும் உண்டு: தகவல் தரும் கடமை.

19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கலாம் என அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும். ஆசிரியர், மருத்துவர், அண்டைவீட்டார் எவருக்கும் விலக்கில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் கீழுள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். சொல்லாமல் இருந்த குழந்தைக்குத் தண்டனை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கும் பாயாது.

குழந்தைகள் உதவி எண் 1098.